பாட்டு ஊருக்கு, அட்டை மைக்செட்காரருக்கு

இசைத்தட்டின் அட்டையைச் சட்டம் போட்டு அருங்காட்சியகச் சுவரில் மாட்டுவது மேலைநாடுகளில் சாதாரணமாகிவிட்டது. பிரான்சின் ஆர்ல் நகரில் நடக்கும் புகைப்பட விழாவில், 2015இல் இசைத்தட்டு அட்டைகளுக்கென்றே ஒரு கண்காட்சி வைத்தார்கள். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் 2017இல் பிங்க் ஃபிளாய்ட் இசைக்குழுவின் வரலாற்றைக் காட்டியபோது அட்டைகளுக்கும் அவற்றை வடிவமைத்தவர்களுக்கும் பெரிய இடம் கிடைத்தது. சான் பிரான்சிஸ்கோ நவீன கலை அருங்காட்சியகம் 2024இல் இசை சார்ந்த வடிவமைப்பைக் காட்டிய கண்காட்சியில் ரேடியோப் பெட்டிகள், சுவரொட்டிகளோடு அட்டைகளையும் வரிசையாக மாட்டியது.

இதைப் படிக்கும் திருநெல்வேலிச் சீமைக்காரருக்கு ஒரு சந்தேகம் எழத்தான் செய்யும். இங்கேயும் பல பத்தாண்டுகள் ரிக்கார்டு சுழன்றிருக்கிறது. அம்மன் கோவில் கொடை என்கிற திருவிழா, கல்யாணம், சடங்கு, காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று அது இல்லாத விசேஷமே கிடையாது. அந்தக் காலத்து ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள். பாட்டைப் பாடிக் காட்டுவார்கள், எந்த வருஷக் கொடையில் கேட்டது என்றுகூடச் சொல்வார்கள். அட்டையில் என்ன படம் இருந்தது என்று கேட்டால் முழிப்பார்கள். பார்த்திருந்தால்தானே சொல்வதற்கு?

இதற்கு விடை தேடினால், அட்டை எப்படிக் கலைப்பொருள் ஆனது என்பதும் நம் ஊரில் அது ஏன் ஆகவில்லை என்பதும் சேர்ந்தே புரியும்.

முதலில் அட்டையின் கதை. நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டு அரக்கில் செய்தது. அந்த அரக்கில் பெரும்பகுதி இந்தியக் காடுகளிலிருந்துதான் உலகம் முழுக்கப் போனது. ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடப் பாட்டுதான் கொள்ளும். நீளமான இசை என்றால் நான்கைந்து தட்டுகளாகப் பிரித்து, புகைப்பட ஆல்பம் போலத் தடித்த அட்டைக்குள் வைத்துக் கொடுத்தார்கள். ‘ஆல்பம்’ என்ற பேர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது. அந்த ஆல்பங்களின் மேலட்டை பழுப்போ சாம்பலோ, ஒரே நிறம். எழுத்து மட்டும் இருக்கும். கடையில் முதுகுப்புறம் தெரிய அடுக்கிவைப்பார்கள். பார்க்கக் கல்லறைக் கல் மாதிரி இருக்கிறதென்று வியாபாரிகளே கேலி செய்தார்களாம்.

இதை மாற்றியவர் அலெக்ஸ் ஸ்டைன்வைஸ். அமெரிக்காவின் கொலம்பியா நிறுவனத்தில் கலை இயக்குநராகச் சேர்ந்தபோது அவர் இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தார். 1940இல் ரோஜர்ஸ் - ஹார்ட் இரட்டையரின் பாடல் தொகுப்புக்கு அவர் செய்த அட்டையைத்தான் படம் போட்ட முதல் ஆல்பம் அட்டையாகச் சொல்கிறார்கள். நியூயார்க் நாடக அரங்கு ஒன்றின் வாசல் விளக்குப் பலகையில் எழுத்துகளை மாற்றிவைத்துப் படம் எடுத்து அதை அட்டையாக்கினார். நிர்வாகத்துக்கு அச்சுச் செலவு பயம் இருந்திருக்கும். ஆனால் படம் போட்டு மறுபடி வெளியிட்ட பீத்தோவன் சிம்பொனி ஒன்றின் விற்பனை பல மடங்கு ஏறியது. அதற்குப் பிறகு யார் எதிர்த்துப் பேசப் போகிறார்கள்?

1948இல் கொலம்பியா எல்.பி. தட்டைக் கொண்டுவந்தது. அரக்கு போய் வினைல் வந்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 33⅓ சுற்று, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கும் மேலே பாட்டு. பழைய முரட்டுத் தாள் உறை வினைல் தட்டில் பாட்டு பதிந்த மெல்லிய கோடுகளைக் கீறிவிட்டது. அதற்கு மாற்றாக மெல்லிய அட்டையை மடித்து ஒட்டி, மேலே அச்சிட்ட தாளைப் போர்த்தும் உறையையும் உருவாக்கித் தந்தவர் இதே ஸ்டைன்வைஸ். ஏறக்குறைய ஓரடிக்கு ஓரடி சதுரம். வீட்டில் கையில் பிடித்து, பாட்டு ஓடும் இருபது நிமிடமும் பார்த்துக்கொண்டிருக்கத் தோதான அளவு. பின்னால் குறுந்தட்டு (சி.டி.) வந்தபோது அந்தப் பரப்பு ஆறில் ஒரு பங்குக்கும் கீழே சுருங்கியது. அட்டைக் கலை நலிந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

அந்தச் சதுரத்தை நம்பி ஒரு தொழிலே வளர்ந்தது. ப்ளூ நோட் நிறுவனத்துக்கு ரீட் மைல்ஸ் நூற்றுக்கணக்கில் ஜாஸ் அட்டைகள் செய்தார்: இரண்டே நிறம், வெட்டி ஒட்டிய புகைப்படம், துள்ளும் எழுத்து. ஓவியர் ஆண்டி வார்ஹால் 1967இல் உரிக்கக்கூடிய வாழைப்பழ ஸ்டிக்கரை அட்டையில் ஒட்டினார். 1971இல் ரோலிங் ஸ்டோன்ஸ் இசைக்குழுவுக்காக அவர் யோசனையில் வந்த அட்டையில் நிஜ ஜிப்பே இருந்தது. அடுக்கி அனுப்பியபோது அந்த ஜிப் தட்டுகளை அழுத்திக் கெடுத்தது. ஜிப்பைப் பாதி இறக்கி வைத்தால் அது நடு லேபிள் மேல்தான் படும், பாட்டு பதிந்த கோடுகளுக்குச் சேதமில்லை என்று அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கலை ஒரு பக்கம், லாரியில் ஏற்றும் சரக்கு ஒரு பக்கம். இந்த இழுபறியை அருங்காட்சியகங்கள் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லலாம் என்பது என் அபிப்பிராயம்.

பீட்டில்ஸ் இசைக்குழுவின் 1967 அட்டையில் நமக்கும் பங்குண்டு. பீட்டர் பிளேக், ஜான் ஹவர்த் இருவரும் பிரபலங்களின் ஆளுயர உருவங்களை நிறுத்திச் செய்த அந்தப் படத்தில் பரமஹம்ச யோகானந்தர் உட்பட நான்கு இந்தியக் குருமார் இருக்கிறார்கள். காந்தியின் உருவமும் முதலில் இருந்தது. இந்தியாவில் எதிர்ப்பு வரும், விற்பனை போய்விடும் என்று தட்டை வெளியிட்ட ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் தலைவர் சொல்ல, காந்தியை எடுத்துவிட்டார்கள். நம் சந்தையை நினைத்து ஓர் அட்டை மாறியிருக்கிறது!

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு பேர் இருக்கிறது: ஸ்டைன்வைஸ், மைல்ஸ், வார்ஹால், பிளேக். கிராமி விருது தொடங்கியபோதே அட்டைக்கும் ஒரு விருது வைத்தார்கள். செய்தவர் பேர் தெரிந்தால் அருங்காட்சியகத்துக்கு வேலை சுலபம். பேர்ப்பலகை எழுதலாம், அவர் படைப்புகளை வரிசைப்படுத்தலாம், அவருடைய முதல் வரைவைத் தேடிப் பிடிக்கலாம். இன்னொன்று, அந்த நாடுகளில் தட்டை வாங்கியவரே வீட்டில் அதைக் கேட்டவர். அட்டையும் காதும் ஒரே ஆளிடம் இருந்தன.

நம் பக்கம் இரண்டுமே வேறு மாதிரி.

செங்கோட்டை கிட்டப்பாவை எடுத்துக்கொள்வோம். 1906இல் பிறந்து 1933இல் மறைந்தவர். நாடக மேடையிலும் 78 சுற்றுத் தட்டிலும் அந்தக் குரல் தமிழ்நாட்டையே ஆண்டது. ஆனால் படம் போட்ட அட்டை என்ற ஒன்று உலகத்திலேயே வருவதற்கு முன்னால் அவர் காலம் முடிந்துவிட்டது. நடுவில் வட்ட ஓட்டை போட்ட தாள் உறை, ஓட்டை வழியே தெரியும் லேபிள், அவ்வளவுதான். எச்.எம்.வி. தட்டென்றால் லேபிளில் நாய் உட்கார்ந்திருக்கும். ‘நாய் மார்க்’ என்றே ஜனங்கள் அதைச் சொன்னார்கள். பிரான்சிஸ் பராட் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த படம் அது. முதலில் உருளையில் பாடும் வேறொரு கருவியைத்தான் நாய்க்கு முன்னால் வரைந்திருந்தார். கிராமபோன் கம்பெனிக்காக அதன்மேல் வண்ணம் பூசித் தட்டு கிராமபோனாக மாற்றிக் கொடுத்தார். சீமை முழுக்கப் பார்த்த இசைத்தட்டுப் படம் ஒன்று உண்டென்றால் அந்த நாய்தான்.

பாடகர் முகத்தையும் பாட்டு வரியையும் பார்க்க வேண்டுமென்றால் பாட்டுப் புத்தகம் இருந்தது. தட்டுக் கம்பெனிகளும் சினிமாக் கம்பெனிகளும் மலிவுத் தாளில் அச்சடித்து, தியேட்டர் வாசலிலும் திருவிழாச் சந்தையிலும் சில காசுக்கு விற்ற சிறு புத்தகங்கள். முன்பக்கம் படம், உள்ளே பாட்டு, கடைசியில் விளம்பரம். இசைத்தட்டு வாங்க வசதியில்லாத வீட்டில்கூட இது இருக்கும். மேலைநாட்டில் அட்டை செய்த வேலையை இங்கே செய்தது இந்தப் புத்தகம்தான் என்பேன். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இந்த வகைப் புத்தகங்களைச் சேர்த்துப் பாதுகாக்கிறார்கள்.

எல்.பி. தட்டும் அதைவிடச் சிறிய ஈ.பி. தட்டும் வந்த பிறகு தமிழுக்கும் வண்ண அட்டை வந்தது. எச்.எம்.வி., கொலம்பியா, ஓடியன், ஏஞ்சல், பின்னால் இன்ரிகோ, எக்கோ என்று பல பேர்கள். சினிமாத் தட்டென்றால் படத்தின் புகைப்படங்களை வெட்டி, ஒரே நிறப் பின்னணியில் ஒட்டி, மேலே கையால் வரைந்த தலைப்பு எழுத்து. சுவரொட்டி எழுத்துக்காரரின் கைவண்ணம் பார்த்த உடனே தெரியும். பின்பக்கம் பாட்டுப் பட்டியல், சில நேரம் மற்றத் தட்டுகளின் விளம்பரம். கர்நாடக இசைத் தட்டில் பாடகர் பற்றிய குறிப்பு, பெரும்பாலும் ஆங்கிலத்தில். அட்டையை வரைந்தவர் பேர் மட்டும் பெரும்பாலான தட்டுகளில் எங்கேயும் இருக்காது.

சரி, இந்த அட்டையை யார் பார்த்தார்கள்? கிராமபோன் பெட்டி வாங்கும் வசதி சில வீடுகளுக்குத்தான் இருந்தது. மற்றவர்களுக்குப் பாட்டு வந்த வழி ரேடியோவும் மைக்செட்டும். இலங்கை வானொலி இந்தக் கடற்கரையில் தெளிவாகக் கேட்கும். 1963இல் திருநெல்வேலிக்கே வானொலி நிலையம் வந்தது. கொடை என்றால் தென்னையிலோ பனையிலோ குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, விடியுமுன்னே சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டுப் போட்டால் நாலு ஊருக்குக் கேட்கும். மேலப்பாளையம் பக்கம் நாகூர் ஹனிபா, கிறிஸ்தவ ஊர்களில் கிறிஸ்மஸ் பாட்டுகள், கல்யாண வீட்டில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம். இடையில் திருவிளையாடல் கதை வசனம் முழுசாக ஓடும். தருமிக்கும் சிவனுக்கும் நடக்கும் வழக்கை மனப்பாடமாகச் சொல்லும் ஆட்கள் இன்றும் ஊருக்கு நாலு பேர் உண்டு. அவர்களில் எத்தனை பேர் அந்தத் தட்டின் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள்?

கேட்டது ஊர் முழுக்க, அட்டையைப் பார்த்தவர் மைக்செட்காரர் ஒருவர். கூட ஒத்தாசைக்கு நின்ற பையனைச் சேர்த்தால் இரண்டு பேர். அந்த அட்டை அவருக்கு அழகு பார்க்கிற பொருளாகவா இருந்தது? அவசரத்தில் சரியான தட்டை எடுக்க உதவும் அடையாளம் அது. அதனால் அட்டை மேல் மையால் நம்பர் எழுதினார். நம்பர் வாரியாக ஒரு நோட்டில் பாட்டுப் பட்டியல் வைத்துக்கொண்டார். கதாநாயகன் முகத்துக்கு மேலேயே ‘இன்னார் சவுண்டு சர்வீஸ்’ என்று ஊர்ப் பேரோடு ரப்பர் ஸ்டாம்பு குத்தினார். ஒரே நாளில் பக்கத்துப் பக்கத்து ஊர்களில் கொடை நடக்கும்போது மைக்செட்காரர்கள் ஒருவருக்கொருவர் தட்டு கைமாற்று வாங்குவது உண்டு. திரும்பி வர வேண்டுமே! ஓரம் கிழிந்தால் தடித்த தாளை ஒட்டித் தைத்தார். தகரப் பெட்டியில் அடுக்கி சைக்கிளிலும் மாட்டுவண்டியிலும் கொண்டுபோனதில் தட்டின் வட்டம் அட்டையில் தேய்ந்து வளையமாகப் பதிந்துவிட்டது.

அட்டை எல்லார் கண்ணுக்கும் வந்தது 1980களில், அதுவும் யாரும் அதை அலங்காரமாக நினைத்து வைத்ததால் அல்ல. கேசட் பரவியதும் திருநெல்வேலி ஜங்ஷன், பாளையங்கோட்டை, தென்காசி, கோவில்பட்டி கடைத்தெருக்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. ‘மியூசிகல்ஸ்’ என்று பலகை தொங்கும். சின்னக் கடை, உள்ளே தட்டுச் சுழற்றும் கருவி, கேசட் டெக். சுவர் முழுக்க எல்.பி. அட்டைகள், கூரை வரைக்கும். வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துக் கையை நீட்டுவார்கள். “அண்ணாச்சி, அந்தா அதுல முதப் பாட்டு, அதுக்குக் கீழ இருக்கதுல ரெண்டு. எல்லாத்தையும் ஒரு தொண்ணூறுல ஏத்திருங்க.” தொண்ணூறு என்பது தொண்ணூறு நிமிடக் கேசட்.

திருநெல்வேலிச் சீமையில் இசைத்தட்டு அட்டைக்கு நடந்த முதல் பொதுக் கண்காட்சி இந்தக் கடைச் சுவர்கள்தான் என்பேன். வேடிக்கை என்னவென்றால், வாங்குவதற்குத் தட்டு அல்ல அங்கே. அட்டையைப் பார்த்துப் பாட்டைக் கேசட்டில் வாங்கிப் போனார்கள். இளையராஜாவின் படங்கள் வரிசையாக வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தப் படம் புதுசு என்பதைச் சுவரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். அட்டைக்குப் பாட்டிலிருந்து விடுதலை கிடைத்து, தனியாகச் சுவரில் தொங்கியது. பத்து வருடம்கூட இராது அந்த வாழ்வு. கம்பெனிகளே பாட்டைப் பதிவுசெய்து விற்ற கேசட்டுகள் மலிவாக வரத் தொடங்கியதும் அந்தச் சுவரும் காலியானது.

பேர் விஷயத்துக்குத் திரும்பலாம். அச்சுப் படத்துக்கு இந்த மண்ணில் மரியாதை இல்லாமல் இல்லை. கோவில்பட்டி சி. கொண்டையராஜு (1898 - 1976) நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை வரைந்தவர். கம்பெனி கலைந்த பிறகு கோவில்பட்டியிலேயே தங்கி தேவி ஆர்ட் ஸ்டுடியோ நடத்தினார். அவரும் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் முதலான சீடர்களும் வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகி நாலு திசையும் போயின. மீனாட்சி கல்யாணமோ முருகனோ, ஓரத்தில் ஓவியர் பேர் இருக்கும். அதனால்தான் காலண்டர் ஓவியத்துக்கு இன்று ஆராய்ச்சியாளர் இருக்கிறார்கள், சேகரிப்பாளர் இருக்கிறார்கள், கண்காட்சியும் நடக்கிறது. அதே வகை அச்சு, அதே வகை வண்ணம், அதே நாடகக் கொட்டகை அழகு உள்ள இசைத்தட்டு அட்டை பேரில்லாமல் கிடக்கிறது. காலண்டரை வீட்டுச் சுவர் காப்பாற்றியது. அட்டை தகரப் பெட்டியோடு போயிற்று.

காப்பாற்றுவதென்று இறங்கினால் வேலை லேசும் அல்ல. அருங்காட்சியக வழக்கப்படி, தாள் பொருள்மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவில் இருக்க வேண்டும். நம் வீட்டுக் கூடத்தில் பகலில் இருப்பதைவிட ரொம்ப மங்கல். அதிலும் சில மாதங்களுக்கு ஒருமுறை எடுத்து இருட்டில் வைத்து, வேறொன்றை மாட்டுவார்கள். சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளிறும். நம் பழைய சினிமா அட்டைகள் பலவும் ஒரே நீலமாகத் தெரிவதற்குக் காரணம் இந்த வெளிறல். அட்டையில் உள்ள அமிலம் அதையே பழுப்பாக்கி நொறுங்க வைக்கும். செலோ டேப் போட்டு ஒட்டியிருந்தால் பசை ஊறிக் கறை பிடிக்கும். மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்தால் அதுவே ஒட்டிக்கொண்டு மையை உரித்துவிடும். பாலியெஸ்டர் உறைதான் பாதுகாப்பு. இதோடு கரையான், ராமபாணப் பூச்சி, ஐப்பசி கார்த்திகை ஈரம்.

அப்புறம் வெள்ளம். 2023 டிசம்பர் மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தாமிரபரணி கரை புரண்டு வீடுகளுக்குள் புகுந்தது. வினைல் தட்டு தண்ணீரில் கிடந்தாலும் கழுவிக் காயவைத்துப் போட்டால் பாடும். அட்டை கூழாகிவிடும். எனவே பழைய சாமான் கடைகளில் நிர்வாணத் தட்டுகள் கிடைப்பதில் ஆச்சரியமில்லை.

இந்தச் சீமையில் இப்படி ஒரு கண்காட்சி வைத்தால் எதை மாட்டுவது? மேலைநாட்டு முறையில் கறையில்லாத, மடங்காத, பளபளப்பான அட்டைகளைத் தேடினால் கிடைக்கும், ஆனால் அவை சென்னையிலோ பெங்களூரிலோ வசதியான வீட்டு அலமாரியில் இருந்தவையாகத்தான் இருக்கும். அவற்றைப் பார்க்க நமக்குப் பக்கத்திலேயே வழி உண்டு. செங்கோட்டை தாண்டிக் கேரளத்துக்குள் போனால் பாலா அருகே பிளாசனாலில், ஒரு தனிமனிதரின் சேகரிப்பிலிருந்து வளர்ந்த கிராமபோன் அருங்காட்சியகம் இருக்கிறது. பெங்களூரில் இந்திய இசைக்கென்றே ஒரு பெரிய அருங்காட்சியகம் இருக்கிறது.

இங்கே வைக்க வேண்டியது ஸ்டாம்பு குத்திய அட்டை. ரெட்டியார்பட்டியில் கட்டியிருக்கும் பொருநை அருங்காட்சியகம் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை அகழாய்வுப் பொருள்களுக்கானது. ஏன் ஸ்டாம்பு என்பதற்கு அங்கிருந்தே ஓர் உதாரணம் எடுக்கலாம். தாமிரபரணிக் கரை அகழாய்வுகளில் குறியீடு கீறிய பானை ஓடு கிடைத்தால் ஆய்வாளர்கள் எவ்வளவு சந்தோஷப்படுகிறார்கள்! கீறலில்லாத முழுப் பானையைவிட, யாரோ ஒருவர் தன் அடையாளத்தைக் கீறிவைத்த ஓட்டுத் துண்டு அதிகம் பேசும். அட்டை மேல் உள்ள ‘நம்பர் 143, இன்னார் சவுண்டு சர்வீஸ், விக்கிரமசிங்கபுரம்’ என்பது போன்ற எழுத்தும் அந்த வகைதான். எந்தத் தட்டு எந்த ஊர்வரை போனது, யார் கையில் இருந்தது, எந்தத் தட்டு கைமாறி இரண்டு ஸ்டாம்பு வாங்கியது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. முன்பக்கத்தை மட்டும் சட்டத்துக்குள் அடைத்தால் இதில் பாதி மறைந்துவிடும். இரண்டு பக்கமும் தெரிய வைக்க வேண்டும், பாட்டுப் பட்டியல் நோட்டைப் பக்கத்தில் வைக்க வேண்டும். மைக்செட்காரர்களில் மூத்தவர்கள் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டுப் பேர்ப்பலகை எழுத வேண்டும்.

பழைய தட்டுச் சந்தையின் கணக்கு இதற்கு நேர் எதிர். அட்டையில் எழுத்து, ஸ்டாம்பு, ஒட்டு இருந்தால் தரம் குறைந்ததாக வைத்து விலையைக் குறைப்பார்கள். சில வியாபாரிகள் ஸ்டாம்பை அழிரப்பர் போட்டுத் தேய்த்து எடுக்கவும் பார்க்கிறார்கள். சுத்தமான அட்டை வெளியூர் போகிறது, எழுத்து விழுந்த அட்டை எடைக்குப் போகிறது. ஓர் அருங்காட்சியகமோ கல்லூரியோ நினைத்தால், சந்தை வேண்டாமென்று ஒதுக்கும் இந்த அட்டைகளைப் பெட்டி பெட்டியாக, பெரிய செலவில்லாமல் இப்போதே வாங்கிவிடலாம்.